3,000 மீட்டர் உயரத்துல ஏரியைச் சுத்தி மாரத்தான்: எத்தனை நாள் முன்னாடி போகணும், எவ்வளவு நேரம் கூடும்?

நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. சமவெளியில 4 மணி 15 நிமிஷத்துல மாரத்தான் முடிச்சவருக்கு 3,000 மீட்டர் உயரத்துல எவ்வளவு நேரம் கூடும், எத்தனை நாள் முன்னாடி அங்க போய்ச் சேரணும். ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, "மொத்தமே நூத்தம்பது பேர்தான், ஏரிக்கரையோரமா சமதளம்தான், அதனால பயமில்ல"ன்னு, உண்மையான கேள்வி அங்கதான் இருக்கு. பயப்படணுமா வேண்டாமா, அதான? பயப்பட வேண்டாம். ஆனா சின்ன ரேஸ், ஏரிக்கரை, சமதளம்னு மூணையும் உங்களுக்கு சாதகம்னு கணக்குல சேத்திருக்கீங்க, என் கவலையே அந்த மூணுதான்.

முதல்ல என்னைப் பத்தி, ஏன்னா இந்த மாதிரி விஷயத்துல யார் சொல்றாங்கன்றது முக்கியம். நான் டாக்டர் கிடையாது. பதினாலு வருஷமா ஓடுறேன், அதுல உயரத்துல ஓடினது ஏழு ரேஸ், அது போக நாலு வருஷம் ஒரு சின்ன ஏரி ரேஸ்ல ஸ்வீப் வேலை பாத்திருக்கேன், அதாவது கடைசியா வர்ற ஆளுக்குப் பின்னாலயே போய், யாரும் வழியில விழுந்து கெடக்கலன்னு பாத்துட்டு வர்ற வேலை. ரேஸ்ல ஓடிக் கத்துக்கிட்டதை விட கடைசி ஆளு கூட நடந்து கத்துக்கிட்டதுதான் அதிகம்.

சந்தேகமே இல்லாத விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். மேல போனா காத்துல ஆக்சிஜன் சதவீதம் குறையும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, அங்கயும் அதே 21 சதவீதம்தான். குறையுறது அழுத்தம். 3,000 மீட்டர்ல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல கிட்டத்தட்ட 70 சதவீதம்தான், அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் கம்மி. 1,500 மீட்டருக்கு மேல ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடம்போட அதிகபட்ச ஆக்சிஜன் எடுக்குற திறன் சுமாரா 1 சதவீதம் இறங்கும்னு ஒரு பழைய கணக்கு உண்டு, ஆளுக்கு ஆள் மாறும், ஆனா தோராயத்துக்கு சரியா வரும். அப்படிப் பாத்தா 3,000ல 15 சதவீதம் போச்சு. நல்லா பயிற்சி எடுத்தவங்களுக்கு அடி கம்மியா விழும்னு நினைக்காதீங்க, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே விழும், அதுவும் இன்னும் தாழ்வான உயரத்துலயே ஆரம்பிச்சுடும்.

இதுக்கு உலகமே பாத்த உதாரணம் 1968 மெக்ஸிகோ சிட்டி ஒலிம்பிக்ஸ். அந்த ஊர் வெறும் 2,240 மீட்டர்தான். குட்டி தூரத்துக்கு மெல்லிய காத்து உதவுச்சு, பாப் பீமன் நீளம் தாண்டுதல்ல 8.90 மீட்டர் தாண்டினது அங்கதான். நீண்ட தூரத்துல கதையே வேற. ரான் கிளார்க் அப்போ 10,000 மீட்டர் உலக சாதனைக்காரர், கையில 27 நிமிஷம் 39 வினாடி டைமிங் இருக்கு. அந்த ஃபைனல்ல ஆறாவதா வந்து கோட்டைத் தாண்டினதும் சுருண்டு விழுந்தார், ஆக்சிஜன் கொடுத்துதான் எழுப்பினாங்க. ஜெயிச்ச கென்யாவோட நஃப்தாலி தெமுவுக்கே 29 நிமிஷம் 27 வினாடி ஆச்சு. மாரத்தான்ல எத்தியோப்பியாவோட மாமோ வோல்டே தங்கம் வாங்கினது 2:20:26ல, நாலு வருஷம் முன்னாடி டோக்கியோவுல அதே நாட்டு அபெபே பிகிலா ஓடினது 2:12:11. மலைநாட்டுல பொறந்து வளர்ந்தவங்களுக்கே இந்த வித்தியாசம்னா நாம எம்மாத்திரம்.

அப்போ உங்களுக்கு எவ்வளவு? இது ஆராய்ச்சிக் கணக்கு இல்ல, நானும் கூட ஓடினவங்களும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது: உடம்பு ஓரளவு பழகின பிறகு 15ல இருந்து 25 சதவீதம் நேரம் கூடும். உங்க 255 நிமிஷம் 4 மணி 53 நிமிஷத்துல இருந்து 5 மணி 20 நிமிஷம் வரைக்கும் போகலாம். சமவெளியில கி.மீ.க்கு 6 நிமிஷம் ஓடுறவர் அங்க 7 நிமிஷம், ஏழேகால் நிமிஷம்னு ஆரம்பிச்சா பத்திரமா இருக்கும். ஆரம்பத்துல "என்னடா இது, நடக்குற மாதிரி இருக்கே"ன்னு தோணும், தோணட்டும். சமவெளியில வேகமா ஆரம்பிச்சுட்டா நடுவுல ரெண்டு கி.மீ. மெதுவாப் போயி கடனை அடைச்சுடலாம், மேல அந்தக் கடன் அடையவே அடையாது, மூச்சு ஒரு தடவை எகிறிடுச்சுன்னா நின்னாக்கூட அடங்க ரொம்ப நேரம் எடுக்கும்.

வாட்ச்ல ஹார்ட் ரேட் பாத்து ஓடுற பழக்கம் இருந்தா அதை அங்க அப்படியே கொண்டு போகாதீங்க. அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும், ஆனா உங்க உச்சத் துடிப்பு குறைஞ்சுடும், அதாவது மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் நெருக்கும், சமவெளியில போட்டு வச்ச துடிப்பு அளவு (ஸோன்) எதுவும் அங்க செல்லாது. நான் பண்றது ரொம்ப நாட்டுத்தனமான வழி. என் போன் நம்பரை வாய்விட்டு சொல்லிப் பாப்பேன். பத்து இலக்கமும் ஒரே மூச்சுல வந்தா வேகம் சரி. ஆறாவது இலக்கத்துல மூச்சு வாங்குச்சுன்னா குறைக்கணும். மூணாவதுலயே நின்னா நடக்கணும். பக்கத்துல ஓடுறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, ஆனா சின்ன ரேஸ்ல பக்கத்துல யாரும் இருக்கவும் மாட்டாங்க.

இனி எத்தனை நாள். 3,000 மீட்டருக்கு மேல தூங்குற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ஏறாம ஓய்வு எடுக்கணும், இது மலை மருத்துவத்துல எல்லாரும் ஒத்துக்குற வழிமுறை. உங்க ஏரி 3,000லயே இருக்குறதால, நடுவுல 2,000, 2,500ன்னு எங்கயாவது ரெண்டு ராத்திரி தங்கிட்டு மேல போங்க. மேல ரெண்டு வாரம் கிடைச்சா அருமை, லீவு கிடைக்காதுன்னா ஏழு நாள், அதுவும் முடியாதுன்னா அஞ்சு, அதுக்குக் கீழ நான் ஒத்துக்க மாட்டேன். முதல் ரெண்டு மூணு நாள்தான் ரொம்ப மோசம், தூக்கம் வராது, வந்தாலும் மூச்சு நின்னு நின்னு வர்ற மாதிரி திடுக்குனு எழுப்பி விடும், ஒண்ணுக்கு அடிக்கடி போகும், ரத்தத்துல தண்ணி அளவு குறையும், பசி இருக்காது. ரத்தம் ஊறிடும்னு சொல்வாங்க இல்ல, அதுவும் அஞ்சு நாள்ல நடக்காது. அதுக்கான ஹார்மோன் ஒரே நாள்ல ஏறிடும், ஆனா சிவப்பணு நிஜமாவே கூடுறதுக்கு மூணு நாலு வாரம் ஆகும். முதல் வாரத்துல டெஸ்ட் பண்ணா ஹீமோகுளோபின் கூடின மாதிரி காட்டும், அது குழம்பு சுண்டினா கெட்டியாகுற மாதிரிதான், கறி கூடலை. அஞ்சு நாள்ல கிடைக்குறது மூச்சு விடுற முறை பழகுறது, தூக்கம் திரும்புறது, தலைவலி போறது. அதுவே உங்களுக்குப் பெரிய லாபம்.

இப்போ சந்தேகமான சமாச்சாரம். "ரேஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் இறங்கு, உடம்பு முழிச்சுக்குறதுக்குள்ள ஓடி முடிச்சுடு"ன்னு ஒரு யோசனை ஓட்டக்காரங்க கிட்ட ரொம்ப நாளா உலாத்திட்டு இருக்கு. மிதமான உயரத்துல ஒரு மணி நேரம் விளையாடுற போட்டிக்கு அது சிலருக்கு ஒத்து வந்திருக்கலாம், ஆதாரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா இருக்கு. அஞ்சு மணி நேரம் 3,000 மீட்டர்ல நிக்கப் போற ஆளுக்கு நான் சொல்லவே மாட்டேன். மலைநோய் (உயரத்துல ஆக்சிஜன் பத்தாம வர்ற தலைவலி, குமட்டல், அசதி) தலை காட்டுறது சாதாரணமா போய்ச் சேர்ந்த 6 மணி நேரத்துக்கு மேலதான், நீங்க ஸ்டார்ட் லைன்ல நிக்குற நேரம் கணக்கா வந்து சேரும். பீட்ரூட் ஜூஸ் குடிச்சா உயரத்துல ஓட உதவும்னு சொல்றாங்க, ஆராய்ச்சி முடிவு கலவையா இருக்கு, குடிச்சா கெடுதல் இல்ல, ஆனா ரேஸ் அன்னிக்கு முதல் தடவையா குடிச்சுப் பாக்காதீங்க. உயரத்துக்குப் பழக்கும்னு சொல்லி விக்கிற, மூஞ்சியில மாட்டிக்கிட்டு ஓடுற மாஸ்க் மட்டும் காசுக்குப் புடிச்ச கேடு, அது மூச்சு போற வழியை அடைக்குது, காத்தழுத்தத்தைக் குறைக்குறது இல்ல, உயரத்துக்கு அது பழக்காது.

உருப்படியா ஒண்ணு பண்ணணும்னா ரெண்டு மாசம் முன்னாடியே ஃபெரிட்டின் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இரும்புச் சேமிப்பு குறைவா இருந்தா மேல போயி உடம்பு ரத்தம் உண்டாக்க முயற்சி பண்ணும்போது கையில சரக்கு இருக்காது. டெஸ்ட் பாக்காம மாத்திரை மட்டும் வாங்கி முழுங்காதீங்க, இரும்பு அதிகமானாலும் கெடுதல்தான். அசட்டசோலமைடுன்ற மாத்திரை மலைநோய் வராம தடுக்கும், இது நிரூபிக்கப்பட்டது, வழக்கமா 125 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. ஆனா டாக்டரைக் கேக்காம எடுக்கக் கூடாது, சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க கண்டிப்பா சொல்லணும், ஓடுற திறனையும் கொஞ்சம் குறைக்கலாம், இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது, அது ஊக்கமருந்து தடைப் பட்டியல்ல சிறுநீர் பிரிக்கிற மருந்துகள் வரிசையில இருக்கு.

சரி, ஏரிக்கு வர்றேன். இதைப் பத்தி யாரும் உங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. ஏரித் தண்ணி சமமா இருக்கும், ஏரியைச் சுத்திப் போற பாதை சமமா இருக்கணும்னு சட்டம் இல்ல. மலைக்கு நடுவுல இருக்குற ஏரின்னா ஓடைங்க வந்து விழும், ஒவ்வொரு ஓடைக்கும் பாதை இறங்கி ஏறும். பாறை மூக்கு தண்ணிக்குள்ள நீட்டிட்டு இருக்குற இடத்துல எல்லாம் பாதை அதுக்கு மேல ஏறித்தான் போகும். ஒவ்வொண்ணும் 15, 20 மீட்டர்தான், படத்துல பாத்தா கோடு நேரா இருக்கும், 42 கி.மீ.க்கு கூட்டிப் பாத்தா 400, 500 மீட்டர் ஏத்தம் வந்து நிக்கும். அதனால "சமதளமா"ன்னு கேக்காதீங்க, "மொத்த ஏத்தம் எத்தனை மீட்டர்"னு கேளுங்க. இன்னொண்ணு, எந்த ஏரியும் சரியா 42.195 கி.மீ. சுத்தளவுல அமையாது, டஹோ ஏரியைச் சுத்துனா 115 கி.மீ.க்கு மேல வரும், அதனால எங்கயோ ஒரு இடத்துல போய்த் திரும்புற துண்டு ஒண்ணை ஒட்ட வச்சிருப்பாங்க, இல்லன்னா ரெண்டு சுத்து வச்சிருப்பாங்க. அது முதல் பாதியிலயா கடைசியிலயான்னு தெரிஞ்சுக்கோங்க. ஃபினிஷ் கோடு தெரியுற தூரத்துல இருந்து திரும்பவும் வேற பக்கம் 3 கி.மீ. ஓட விட்டா மனசு விட்டுப் போயிடும்.

எனக்கு முதல் ஏரி ரேஸ்ல அப்படித்தான் ஆச்சு. நீளமான ஏரி அது, 29வது கி.மீ.ல ஒரு வளைவு திரும்பினேன், எதிர்க்கரையில ஃபினிஷ் வளைவு, அந்த மஞ்சள் கலர் பலூன் துல்லியமாத் தெரியுது. மெல்லிய காத்துல, தூசி இல்லாத வெளிச்சத்துல தூரம் கிட்டத்துல இருக்குற மாதிரி ஏமாத்தும். மைக்ல பேசுறது கூட தண்ணி மேல மிதந்து வந்து காதுல விழுது. நேரா நீந்துனா 3 கி.மீ. இருக்கும். புத்தி கெட்டுப் போயி வேகத்தைக் கூட்டிட்டேன். பாதையோ ஏரியோட வாலைச் சுத்தி இன்னும் 13 கி.மீ. போகணும். 34ல நடக்க ஆரம்பிச்சவன்தான், அந்த பலூன் ஒரு மணி நேரமா இடது கண்ணு ஓரத்துலயே நிக்குது, கிட்டயும் வர மாட்டேங்குது, மறையவும் மாட்டேங்குது. இப்போ எல்லாம் தொப்பியை ஏரிப் பக்கமா சாய்ச்சுப் போட்டுட்டு ரோட்டை மட்டும் பாத்து ஓடுறேன்.

காத்து அதை விட முக்கியம். காலையில ஆறு மணிக்கு ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், அதைப் பாத்து ஏமாறாதீங்க. வெயில் ஏறினதும் கரை சூடாகும், தண்ணி சூடாகாது, அதனால ஏரியில இருந்து கரைக்குக் காத்து கிளம்பும், கூடவே பள்ளத்தாக்குல இருந்து மேல ஏறுற மலைக்காத்தும் சேந்துக்கும், பல இடத்துல பத்து பதினோரு மணிக்கு மேல பிச்சுக்கிட்டு அடிக்கும். இதுல ஒரு அநியாயம் என்னன்னா, மூணு மணி நேரத்துல முடிக்கிறவங்க காத்து கிளம்புறதுக்குள்ள கரை சேந்துடுவாங்க, அஞ்சு மணி நேரம் ஓடுற நாமதான் முழுசா வாங்கிக் கட்டிக்கணும். ஏரியைச் சுத்துறதால எப்படியும் ஒரு பக்கம் எதிர்க்காத்து, ஒரு பக்கம் பின்காத்து. அந்த ஊர்ல மத்தியானக் காத்து எந்தத் திசையில அடிக்கும்னு படகுக்காரங்க யாரையாவது கேளுங்க, ரேஸ் எந்தப் பக்கமா சுத்துதுன்னு பாருங்க, எதிர்க்காத்து கடைசி 12 கி.மீ.லதான்னா அதுக்குத் தனியா பலம் மிச்சம் வைக்கணும். யாராவது முன்னால போனா வெக்கப்படாம ஒட்டிக்கிட்டு ஓடுங்க, முறை மாத்தி மாத்தி.

சின்ன ரேஸ்னா கூட்டம் இல்ல, நெருக்கடி இல்ல, உண்மைதான். ஆனா 150 பேர் 42 கி.மீ.ல பரவிட்டா பத்தாவது கி.மீ.க்கு மேல நீங்க தனி ஆள். தண்ணி குடுக்குற இடம் 7, 8 கி.மீ.க்கு ஒண்ணுதான் இருக்கும். அதோட, ஏரியைச் சுத்துற பாதையில பாதியில நின்னீங்கன்னா திரும்பிப் போனாலும் 21, முன்னால போனாலும் 21. குறுக்கு வழின்னு ஒண்ணு கிடையாது, குறுக்க இருக்குறது தண்ணி.

ஸ்வீப் பண்ண ரெண்டாவது வருஷம் 26வது கி.மீ.ல ஒருத்தர் ரோட்டோரக் கல்லுல உக்காந்திருந்தார். சமவெளியில மூன்றரை மணி நேரத்து ஆள், என்னை விட எல்லா விதத்துலயும் நல்ல ஓட்டக்காரர். ஜாக்கெட் ஜிப்போட ரெண்டு முனையையும் சேக்கப் பாக்குறார், முடியல, திரும்பத் திரும்ப அதையே பண்றார். என்ன ஆச்சுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல, ஜிப் போட்டுட்டு ஓடப் போறேன்"ன்னு நாக்கு குழறுது. ரோட்டுல இருந்த வெள்ளைக் கோட்டுல குதிகாலை விரல் நுனியில ஒட்டி வச்சு நடங்கன்னேன். மூணாவது அடியில கோட்டை விட்டு வெளிய சாஞ்சுட்டார். குளிரால வந்த குழப்பமா, உயரத்தால வந்த மூளை வீக்கமான்னு அங்க நின்னு ஆராயுறது என் வேலை இல்ல, ரெண்டுக்கும் முதல் வேலை சூடு குடுத்து உடனே கீழ இறக்குறதுதான். வண்டி வர 40 நிமிஷம் ஆச்சு, ஏன்னா அந்தப் பக்கக் கரையில பாதி தூரம் நடைபாதைதான், வண்டி அந்த முனையில இருந்து சுத்தி வரணும். 900 மீட்டர் கீழ இறக்கினதும் பேச்சு தெளிஞ்சுது, ராத்திரி சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டார். அந்த 40 நிமிஷம் நான் அவர் கையைத் தேச்சுட்டு உக்காந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கல.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி நடத்துறவங்களைக் கேளுங்க: ஏரியைச் சுத்தி எந்த இடத்துக்கும் வண்டி வருமா, வராத இடத்துக்குப் படகு இருக்கா, ஆக்சிஜன் சிலிண்டர் எங்க வச்சிருக்கீங்க, கடைசி ஆள் பின்னால யாராவது வர்றாங்களா. நல்லா நடத்துறவங்க இந்தக் கேள்விக்கு சந்தோஷமா பதில் சொல்வாங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு பதில் வந்தா, தயவு செஞ்சு அங்க போகாதீங்க.

உடம்பு குடுக்குற சிக்னல் பத்தி. லேக் லூயிஸ் ஸ்கோர்னு ஒரு கணக்கு இருக்கு (மலைநோயை அளக்குற கணக்குக்கு ஒரு ஏரியோட பேர், அந்த ஏரி 2,000 மீட்டர் கூட கிடையாது, கனடாவுல அங்க கூடின மாநாட்டுல வச்ச பேர்). தலைவலி, குமட்டல் அல்லது பசியின்மை, அசதி, தலைசுத்தல், இந்த நாலைத்தான் பாப்பாங்க. ரேஸ் அன்னிக்குக் காலையில தலைவலியோட மத்ததுல ஒண்ணு சேந்திருந்தாலும் ஸ்டார்ட் லைனுக்குப் போகாதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, விடாத இருமல், தள்ளாட்டம், இதுல எது வந்தாலும் ரேஸ் முடிஞ்சது, கீழ இறங்கணும். நுரையீரல்ல நீர் கோக்குறது பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ரெண்டுல இருந்து நாலாவது ராத்திரிக்குள்ள வரும், அதனால அந்த நாள்கள்ல கடுமையா ஓடிப் பழகாதீங்க, நடந்தாப் போதும். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் கொண்டு போகலாம், ஆனா குளிர்ந்த விரல்ல அது கண்டபடி காட்டும், 3,000ல 90ஐ ஒட்டி இருக்குறது சாதாரணம், நம்பரை விட நீங்க எப்படி இருக்கீங்கன்றதுதான் பேசும். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, பிரஷர் எதாவது இருந்தா நான் மேல சொன்ன எதுவும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது, டாக்டரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மிச்சம் சின்னச் சின்னது. காத்து வறட்சியா இருக்கும்னு குடம் குடமா தண்ணி குடிக்காதீங்க, தாகத்துக்குக் குடிங்க, வெறும் தண்ணியா ஏத்தினா ரத்தத்துல உப்பு இறங்கி வேற ஆபத்து. பசி இல்லன்னாலும் அரை மணிக்கு ஒரு தடவை மாவுச்சத்து உள்ள போகணும், நீங்க சமவெளியில பழகின அதே ஜெல்லே எடுத்துக்கோங்க. தண்ணி அங்க 90 டிகிரியிலயே கொதிச்சுடும், குக்கர் இல்லாம வெந்த பருப்பு அரைவேக்காடா வயித்தை ஊத வைக்கும், ரேஸுக்கு முந்தின ராத்திரி அதைத் தவிர்த்துடுங்க. புற ஊதாக்கதிர் 1,000 மீட்டருக்கு 10 சதவீதம் வாக்குல கூடும், காது மடல், கழுத்துப் பின்பக்கம், உதடு இதுக்கெல்லாம் கிரீம் போட மறந்துடுறோம். கண்ணாடி கண்டிப்பா வேணும், காலைச் சாய்வெயில் தண்ணியில பட்டுக் கண்ணைக் குத்தும். காத்தைத் தடுக்குற மெல்லிசு ஜாக்கெட் இடுப்புல கட்டிக்கோங்க, முடிச்சதும் ஈர பனியனோட நின்னு போட்டோ எடுக்காம முதல்ல துணியை மாத்துங்க, அன்னிக்கு ராத்திரி மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

கட்ஆஃப் (ரேஸை முடிக்க நடத்துறவங்க குடுக்குற நேரம்) எத்தனை மணி நேரம்னு நீங்க எழுதலை. ஆறு மணி நேரம்னா உங்களுக்குத் தாராளம், அஞ்சரைன்னா எதிர்க்காத்து நாளா அமைஞ்சா இடிக்கும். அதையும் மொத்த ஏத்தத்தையும், எந்தப் பக்கமா சுத்துறாங்கன்றதையும் கேட்டு இங்க போடுங்க, எந்த கி.மீ.ல எவ்வளவு வேகம்னு உக்காந்து கணக்குப் போட்டுத் தர்றேன்.